கம்பியில்லா ஒலிவாங்கியும் அலை இடையூறும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஆலயத் திருவிழாவின் இரத ஊர்வலத்தன்று இரவு நிகழ்ந்த ஒன்றை, இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கூட்ட நெரிசலில் தன் பாட்டியாரின் கையை விட்டுப் பிரிந்துவிட்டாள். செய்தி அறிந்ததும் தொண்டர் ஒருவர் கம்பியில்லா ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்தார். சிறுமியின் பெயரையும் உடையின் நிறத்தையும் நான் மும்முறை அறிவித்தேன். ஆனால் ஒலிபெருக்கியில் கேட்டதோ, அருகில் எங்கோ நடந்துகொண்டிருந்த விருந்தொன்றின் அதிர்ஷ்டக் குலுக்கல் அறிவிப்பு! என் குரல் இடையிடையே ஓரிரு சொற்களாக வெளிவந்து மறைந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கடை வாசல் ஒன்றில் அழுதுகொண்டு நின்ற குழந்தையைத் தொண்டர்கள் கண்டெடுத்தனர். இறையருளால் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் அந்த முக்கால் மணி நேரமும் அப்பாட்டியார் பட்ட பாட்டை நேரில் கண்டவன் என்ற முறையில், அந்த இரவை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை.

மறுவாரம் கூடிய நிர்வாகக் குழுவில், "இன்னும் சக்தி வாய்ந்த கருவியாக வாங்கிவிட்டால் போயிற்று" என்றனர் சிலர். "கம்பியில்லாக் கருவியே வேண்டா" என்றனர் வேறு சிலர். எது சரி என்று அறியும் ஆவலில் நான் படித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்குத் தொகுத்துத் தருகிறேன். நான் பொறியாளன் அல்லன்; தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி கற்று, அரசாங்கப் பணியில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் இவ்வரலாறு நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்றே கருதுகிறேன்.

ஒலிபெருக்கிக்கு முன்னும் பின்னும்

கே.பி.சுந்தராம்பாள், எஸ்.ஜி.கிட்டப்பா ஆகியோர் நாடக மேடையில் புகழ்பெறத் தொடங்கிய காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரை தம் குரலாலேயே பாடியாக வேண்டும். உச்ச சுருதியில் பாட வல்லவரே மேடையை ஆள முடிந்தது. ஆலயங்களிலும் அவ்வாறே. ஓதுவாரின் குரல் எட்டும் தொலைவே திருமுறையின் எல்லையாக இருந்தது. அதற்கு அப்பால் நாதசுரமும் தவிலும் மணியோசையுமே செய்தி சொல்லும்.

இந்நிலையை மாற்றியது மின் ஒலிபெருக்கி. அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் உருவாக்கிய ஒலிபெருக்கி, 1915ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு இசையையும் பேச்சையும் கொண்டு சென்றது. தமிழகத்தில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை மாகாண வானொலிக் கழகம் 1927இல் நின்றுபோகவே, அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாத எளிய மக்கள் கடற்கரையில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளின் அருகே அமர்ந்து இசை கேட்டனர்.

அக்காலத்து ஒலிவாங்கி கம்பியால் பிணைக்கப்பட்டது. பேசுபவர் அதன் முன் அசையாது நிற்க வேண்டும். கம்பி அறுந்தால் ஒலி நிற்குமே தவிர, அயலார் குரல் அதில் பெரும்பாலும் நுழையாது. கம்பியை நீக்கிய பிறகே அயலார் நுழையும் வழியும் திறந்தது.

முதல் இடையூறுகள்

மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1888ஆம் ஆண்டளவில் ஆய்வுக்கூடத்தில் நிறுவினார். அவர் பெயரே இன்று அலையெண்ணின் அளவாக வழங்குகிறது. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவில் மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அதே காலத்தில் இத்தாலியரான மார்க்கோனி, கம்பியில்லாத் தந்தியை வாணிக முறையில் வளர்த்தெடுத்தார்.

அன்றைய கருவிகள் மின்பொறியால் அலையை எழுப்பின. அவ்வலை ஓர் அலையெண்ணில் அடங்காது, வாயில் அகன்ற வெள்ளம்போல் எங்கும் பரவியது. 1901ஆம் ஆண்டு நியூயார்க் அருகே நடைபெற்ற புகழ்மிக்க பாய்மரப் படகுப் பந்தயத்தின் செய்தியை அனுப்ப, போட்டி நிறுவனங்கள் தத்தம் கருவிகளோடு கடலுக்குச் சென்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் ஒருவர் செய்தியை மற்றவர் செய்தி மூழ்கடித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அலையெண்ணுக்கு இசைவிக்கும் முறைக்கு மார்க்கோனி காப்புரிமை பெற்றிருந்தார். 7777 என்னும் எண் கொண்ட அக்காப்புரிமை இன்றும் பேசப்படுவது. எனினும், இசைவிக்கும் முறை ஒருவரிடம் மட்டும் இருந்து பயனில்லை. எல்லாரும் அதைக் கைக்கொண்டு, யாருக்கு எந்த அலையெண் என்று உடன்பட்டால்தான் அமைதி கிட்டும் என்பதை உலகம் உணரச் சில ஆண்டுகள் ஆயின.

பினாங்கு கண்ட எம்டன்

இவ்வரலாற்றில் நம் பினாங்கிற்கும் ஓர் இடமுண்டு. முதல் உலகப் போரின்போது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்க் கலன்களைத் தீக்கிரையாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், துணிந்தவனையும் தந்திரக்காரனையும் 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கைத் தமிழில் விட்டுச் சென்றது. அதே கப்பல் அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தது. ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. மாண்ட ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னம் ஜாலான் உத்தாமாவில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் இன்றும் உள்ளது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் பக்தர்களுக்குப் பந்தல்கள் அணிவகுக்கும் சாலையே அது.

எம்டனின் வெற்றிக்கு ஒரு காரணம், அது தன் கம்பியில்லாத் தந்தியைப் பெரும்பாலும் மௌனமாக வைத்துக்கொண்டு, எதிரிகளின் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்ததேயாகும். ஆனால் நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது நிலைமை மாறியது. ஐயத்திற்குரிய கப்பலைக் கண்ட நிலைய ஊழியர்கள் உடனே அபாயச் செய்தியை அனுப்பத் தொடங்கினர். எம்டன் தன் கருவியை முழு வலுவுடன் இயக்கி அச்செய்தியைக் குழப்ப முயன்றது. வேண்டுமென்றே செய்யப்பட்ட அலை இடையூறு அது. ஊழியர்கள் தளரவில்லை. கம்பியில்லா வழியில் திரும்பத் திரும்ப அனுப்பியதோடு, கடலடிக் கம்பி வழியாகவும் செய்தி அனுப்பினர். சுமார் 50 கடல் மைல் தொலைவில் படைவீரர் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னிக்குச் செய்தி எட்டியது. அன்றே எம்டனின் கதை முடிந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. முக்கியமான செய்திக்கு ஒரே வழியை நம்பலாகாது. கம்பி வழியும் காத்திருக்க வேண்டும். அன்றியும், வலுவைக் கூட்டுவது பிறர் குரலை அடக்க உதவலாம். நம் குரல் தெளிவுபட அது மட்டும் போதாது.

ஒழுங்கு பிறந்த வரலாறு

1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவும் இதையே காட்டிற்று. அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலிலிருந்து பனிக்கட்டி பற்றி வந்த எச்சரிக்கை, மிக அருகிலிருந்து வந்ததால் பேரொலியாக ஒலித்து, பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்த டைட்டானிக் தந்தியாளரின் பணியைக் குலைத்தது. அவர் அதைக் கடிந்து நிறுத்தினார். சிறிது நேரத்தில் கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் எழுந்த அபாயக் குரல் அவர் செவிக்கு எட்டவில்லை. அவ்வாண்டே அமெரிக்கா கம்பியில்லாத் தந்திக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமியற்றியது. 1906இல் பெர்லினில் தொடங்கிய உலக நாடுகளின் உடன்பாட்டு முயற்சி, 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் எந்தப் பணிக்கு எந்த அலைவரிசை என்ற அட்டவணையாக உருப்பெற்றது.

நம் பினாங்கிலும் 1934ஆம் ஆண்டு பினாங்கு வானொலிச் சங்கத்தினர் இசட்.எச்.ஜே. என்னும் அழைப்புக் குறியுடன் ஒலிபரப்பைத் தொடங்கினர். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது நமக்குப் பெருமை தருவதாகும். 1946இல் மலாயா வானொலி அமைந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி பிறந்தது. நிலையங்கள் பெருகப் பெருக அலைவரிசைகளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பும் பெருகியது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இன்று அப்பொறுப்பை வகிக்கிறது.

கம்பியை உதறிய ஒலிவாங்கி

இனி நம் ஒலிவாங்கியின் கதைக்கு வருவோம். 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், பனித்தரையில் சறுக்கியபடி நடித்த அலாவுதீன் நாடகத்தில் ரெஜ் மூர்ஸ் என்பவர் கம்பியில்லா ஒலிவாங்கியைப் பயன்படுத்தினார். நடிகரின் உடையில் மறைத்து வைத்த அக்கருவி நன்றாகவே இயங்கிற்று. ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. அவர் பயன்படுத்திய அலையெண்ணுக்கு அவரிடம் உரிமம் இல்லாததே காரணம். முன்னோடிகளில் ஒன்றான கம்பியில்லா ஒலிவாங்கியே அயலார் இடத்தில் அனுமதியின்றி நுழைந்த ஒன்று என்பது எண்ணத்தக்கது. 1950களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நிறுவனங்கள் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இவற்றுக்கு அடிப்படையாக அமைந்தது எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற அலையெண் பண்பேற்றம், நாம் எஃப்.எம். என்று வழங்குவது. இதற்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே அலையெண்ணில் இரண்டு அலைகள் வந்தால், பெறும் கருவி வலிய அலையைப் பற்றிக்கொண்டு மெலிய அலையை விட்டுவிடும். அன்றிரவு நிகழ்ந்ததற்கு இதுவே விளக்கமாக இருத்தல் கூடும். நான் இரதத்தின் பக்கம் நடக்க நடக்க, என் அலை மெலிந்தது. விருந்து மண்டபத்தின் அலை வலுத்தது. எனவே கருவி அதனைப் பற்றிக்கொண்டது. கருவி பழுதுபடவில்லை. அது தன் இயல்புப்படியே நடந்துகொண்டது.

இடையூற்றின் வாயில்கள்

இடையூறு நுழையும் வாயில்கள் மூன்று என்று கொள்ளலாம்.

முதலாவது, பிறர் அதே அலையெண்ணைப் பயன்படுத்துதல். நம் சுங்கை பினாங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் மண்டபங்களும் நெருங்கியுள்ளன. சீன அன்பர்களின் ஏழாம் மாத விழாவில் தெருவோர மேடைகளில் பாடகர் கையிலும் இதே வகைக் கருவிதான். தைப்பூசத்தில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் அதுவே. ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைக் கருவிகள் பல, ஒரே அலையெண்ணில் பிறந்த இரட்டையராகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, நம் கருவிகளே ஒன்றோடொன்று கலந்து புதிய அலைகளைப் பிறப்பித்தல். இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். மூன்று ஒலிவாங்கிகளை முறையே 600.0, 600.4, 600.8 மெகாஹெர்ட்ஸ் எனச் சம இடைவெளியில் அமைத்தோம் என்று கொள்வோம். பார்வைக்கு ஒழுங்காகவே தோன்றும். ஆனால் இரண்டாவதன் இருமடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் 600.8, அது மூன்றாவதன் இடம். இரண்டாவதன் இருமடங்கிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 600.0, அது முதலாவதன் இடம். முதலும் மூன்றும் கூடி இரண்டாவதைக் கழித்தால் 600.4, அது இரண்டாவதன் இடமே. இத்தகைய கலப்பு அலைகள் கருவிகளுக்குள் உண்மையாகவே தோன்றுகின்றன. எனவே மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும். 600.0, 600.4, 601.4 எனச் சமமற்ற இடைவெளியில் அமைத்தால் எந்தக் கலப்பும் மற்றொன்றின் இடத்தில் விழாது. இவ்வெண்கள் விளக்கத்திற்காக மட்டுமே; நடைமுறையில் தயாரிப்பாளர் தரும் அலையெண் தொகுதியைப் பின்பற்றுதலே நன்று.

மூன்றாவது, சூழல். அறுநூறு மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். இரும்புக் கதவும் கற்சுவரும் மனித உடலும் அதனைத் தடுக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், இரண்டடி நகர்ந்தாலே ஒலி மறைந்து மீளும். ஒரு கருவியில் இரண்டு வாங்கிக் கம்பங்கள் இருப்பது இதற்காகவே; ஒன்றில் மறைந்த அலை மற்றொன்றில் கிடைக்கும். மேடையின் பின்னே வைக்கப்படும் மின்னணு ஒளித்திரைகளும் இரைச்சல் அலைகளை எழுப்புவதுண்டு.

காலம் செய்த மாற்றம்

இவற்றோடு அண்மைக் காலத்து மாற்றம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. நெடுங்காலம் கம்பியில்லா ஒலிவாங்கிகள், தொலைக்காட்சி நிலையங்களுக்கு இடைப்பட்ட காலி அலைவரிசைகளில் குடியிருந்து வந்தன. நம் நாட்டில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியோடு முற்றாக நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பு நிலைபெற்றது. காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவையும் அதில் இயங்குகிறது. அமெரிக்காவில் இதே மாற்றம் முன்னரே நிகழ்ந்து, 2010ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாளுக்குப் பின் அப்பகுதியில் ஒலிவாங்கிகளை இயக்குவது தடை செய்யப்பட்டது. அங்குள்ள வழிபாட்டிடங்கள் பலவும் பழைய கருவிகளைக் கைவிட நேர்ந்தது.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? நன்கொடையாளர் மனமுவந்து அளித்த பழைய கருவி நல்ல நிலையில் இருப்பினும், அது குடியிருந்த அலைவரிசை இன்று வேறொருவர் இல்லமாகியிருக்கலாம். திருவிழாவன்று ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஓரிடத்தில் கூடும்போது அது தெற்றென விளங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் இணையத் தொடர்புக் கருவிகளும் அதே இடத்தில் நெருக்குவதால் பெருங்கூட்டத்தில் அவை தடுமாறக்கூடும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கும், பிற ஆலயத்தார் பயன்படுத்திக்கொள்வதற்கும் சில நடைமுறைகளை முன்வைக்கிறேன்.

1. ஆணையம் ஒலிவாங்கிகளுக்கு அனுமதித்த அலைவரிசையில் இயங்கும், சிரிம் சான்று பெற்ற கருவியையே வாங்க வேண்டும். பழைய கருவியின் அடியில் பொறித்துள்ள அலையெண்ணை முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. விழாவிற்கு முன்தினம் மட்டுமின்றி, விழா நேரத்திலேயே ஒருமுறை அலைவரிசையைத் துழாவிப் பார்க்க வேண்டும். காலையில் காலியாக இருந்த இடம் மாலையில் நிரம்பியிருக்கும்.

3. எல்லா ஒலிவாங்கிகளையும் ஒருங்கே இயக்கி, ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும். நிறுத்திய ஒலிவாங்கியின் வாங்கியில் ஓசை கேட்டால் அந்த அலையெண் தகாது.

4. வாங்கிக் கருவியை இரும்பு அலமாரியினுள் வைத்துப் பூட்டலாகாது. பேசுபவரைக் காணும்படி, தலைக்கு மேலான உயரத்தில் அதன் கம்பங்கள் நிற்க வேண்டும். ஒலிவாங்கியின் அடிப்பகுதியைக் கையால் மூடிப் பிடிக்கலாகாது. பெரும்பாலான கருவிகளில் அலை புறப்படும் இடம் அதுவே.

5. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கருவறைக்கு முன் ஓதுபவருக்கும் நாதசுரக் கலைஞருக்கும் கம்பி ஒலிவாங்கியே போதும். நடந்து செல்பவருக்கு மட்டுமே கம்பியில்லாதது தேவை.

6. காணாமற்போனோர் அறிவிப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கென அறிவிப்பு மேசையில் கம்பி ஒலிவாங்கி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கோகோஸ் தீவின் கடலடிக் கம்பியை இங்கு நினைவு கொள்க.

ஏழாவதாக ஒன்று உண்டு. எனக்கு அதுவே முதன்மையானது. விழா நாளுக்கு முன்னர் அண்டைப் பந்தல்கள், மண்டபங்கள், பிற ஆலயத்தார் ஆகியோரைச் சந்தித்து, அவரவர் பயன்படுத்தும் அலையெண்களை ஒரு தாளில் எழுதிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சென்ற விழாவின்போது நம் தொண்டர் இருவர் இவ்வாறே அக்கம்பக்கத்தில் விசாரித்தனர். சீன நண்பர் ஒருவர் தம் கருவியின் எண்ணைக் காட்டி, அது நம்முடையதோடு ஒத்திருக்கக் கண்டு, தாமே வேறு எண்ணுக்கு மாறிக்கொண்டார். அதற்கு ஆன நேரம் ஐந்து நிமிடம், செலவு ஏதுமில்லை.

நிறைவாக

நிர்வாகக் குழுவில் எழுந்த கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே. சக்தியைக் கூட்டியவர்கள் பிறர் குரலைக் கெடுத்தார்களே தவிரத் தம் குரலைத் தெளிவாக்கவில்லை. கம்பியில்லாக் கருவியைத் துறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. படகுப் பந்தயம் முதல் வாஷிங்டன் மாநாடு வரை, இடையூறு நீங்கியது ஒருவர் இடத்தை மற்றவர் அறிந்து விலகி நின்றபோதுதான். வானவெளி கண்ணுக்குத் தெரியாத பொதுச்சொத்து. நம் இரதம் செல்லும் சாலையைப் போல, அதிலும் நமக்கு வழி உண்டு, பிறருக்கும் உண்டு.

இவ்வாண்டுத் திருவிழாவில் அறிவிப்பு மேசையில் கம்பி ஒலிவாங்கி ஒன்று இருக்கும். அதனைத் தேவையின்றி எவரும் எடுத்துச் செல்ல வேண்டாவெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் குழந்தையின் பெயரையும் அதில் அறிவிக்கும் நிலை வராதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக. வந்தாலும், அப்பெயர் கேட்க வேண்டியவர் செவிக்குத் தெளிவாகச் சென்று சேரட்டும்.